இரண்டு லட்சம் கிலோமீட்டரை ஒட்டிய ஃபார்ச்சூனர்: நான்கு சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா?

ஒற்றியூர் கடலோரம்:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் வசிக்கிறேன். பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் ஒன்றை வாங்குவதற்காக மூன்று மாதம் அலைந்துவிட்டு, இப்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறேன். இரண்டுமே முதல் தலைமுறை, மூன்று லிட்டர் டீசல். ஒன்று 2011 மாடல், மேனுவல் கியர், எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை போகும் வகை, 2,31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மற்றொன்று 2013 மாடல், ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம் மட்டும், 1,94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. விலையில் எழுபதாயிரம் ரூபாய்தான் வித்தியாசம், பின்சக்கர வண்டிதான் அதிகம்.

என் ஓட்டம் இப்படி. தினமும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வர வேண்டும். மாதம் இரண்டு முறை மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போவோம். அங்கே கடைசி முந்நூறு மீட்டர் முழுக்கக் கடல் மணல். ஆண்டுக்கு இரண்டு முறை திருமலை அல்லது ஏலகிரி. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மணலையும் தண்ணீரையும் நினைத்தால் நான்கு சக்கர இயக்கமே சரி என்று மனம் சொல்கிறது. ஆனால் இவ்வளவு ஓடிய வண்டியில் அது பாரமாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மாதவரம் மலைப்பாதை:

யோசிக்காமல் நான்கு சக்கர இயக்கத்தை எடுங்கள். நான் 2010 மாடல் வைத்திருக்கிறேன், 2,74,000 கி.மீ. ஆகிவிட்டது. கொல்லி மலை, ஏற்காடு, ஜவ்வாது மலை என்று எல்லா மழையிலும் ஏறியிருக்கிறேன், ஒருமுறைகூட வழுக்கியதில்லை. மணலில் பின்சக்கர வண்டியை விட்டுவிட்டு டிராக்டருக்குக் காத்துக்கொண்டு நிற்பவர்களை நானே இழுத்துவிட்டிருக்கிறேன். பின்சக்கர வகை 2012-இல்தான் வந்தது. அதற்கு முன் இந்த வண்டி நம் ஊரில் நான்கு சக்கர இயக்கத்தோடு மட்டுமே விற்கப்பட்டது. அந்த அமைப்புதான் இந்த வண்டியின் உண்மையான பலம் என்று நான் நம்புகிறேன்.

வியாசர்பாடி பட்டறை:

இருபத்திரண்டு ஆண்டுகளாக வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வண்டியின் இரண்டு வகையையும் நிறையப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தம்பி பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதல் தலைமுறை ஃபோர் பை ஃபோரில், அதாவது நான்கு சக்கர இயக்க வண்டியில், நாம் வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது எடுக்கும் அமைப்பு கிடையாது. நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருந்துகொண்டு, எஞ்சினின் இழுவையை முன்னாலும் பின்னாலும் எந்நேரமும் பிரித்துக்கொண்டே இருக்கும். சேற்றிலும் மணலிலும் அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொள்ளலாம். இதனால் நல்ல தார்ச் சாலையில் தைரியமாக ஓட்டலாம் என்பது உண்மைதான். அதே காரணத்தால், மீட்டரில் காட்டும் 2,31,000 கிலோமீட்டரையும் முன்பக்கத்து டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட், இரண்டு முன் ஆக்ஸில்கள், சக்கரம் திரும்பினாலும் இழுவையைக் கடத்தும் அவற்றின் சி.வி. ஜாயின்ட்டுகள், நடு டிஃபரன்ஷியல் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அத்தனையும் சேர்ந்தே, சுமையோடு ஓடியிருக்கின்றன. மலையில் பத்து நாள் மட்டும் வேலை செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் ஓய்வெடுத்த பாகங்கள் அல்ல அவை.

பின்சக்கர வண்டியில் கியர் பாக்ஸைத் தாண்டினால் இழுவையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் ஒரு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஒரு கிரவுன் (இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியல் பெட்டியைப் பட்டறையில் இப்படித்தான் சொல்வோம்), இரண்டு ஆக்ஸில், அவ்வளவுதான். ஆயில் மாற்ற வேண்டிய இடமும் பின் கிரவுன் ஒன்றே. ஃபோர் பை ஃபோரில் பின் கிரவுன், முன் கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று மூன்று இடம். பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார்கள். முன் கிரவுனின் மூடியைக் கழற்றினால் கம்பெனியிலிருந்து வந்த நாளில் ஊற்றிய ஆயிலே இருக்கும். அதை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் மணல் போல நறநறக்கும். வடிக்கும் நட்டின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். ஊசி முனை போலச் சில்லுகள் ஒட்டியிருந்தால் பல்லோ பேரிங்கோ உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் நிற்கும் தெரு என்று சொன்னீர்கள். நம் வடசென்னையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாலையில் ஓடிச் சூடான கிரவுன் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய் வரும் சின்னக் குழாய் அடைத்திருந்தாலோ, சீல் தேய்ந்திருந்தாலோ, அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போய்விடும். அதன் பிறகு ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறும். பின்சக்கர வண்டிக்கு இந்த ஆபத்து ஒரு கிரவுனில். மற்றதற்கு முன்னும் பின்னும் நடுவிலுமாக மூன்று இடத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்த ஊரிலேயே கடந்த வண்டிகள் என்றால், இரண்டையுமே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடி நுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல் படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிதாகச் சென்ட் அடித்த வண்டி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இன்னொன்று. முழங்கால் தண்ணீரில் போவதற்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தெருவில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் தாரோ சிமென்டோதான் இருக்கிறது. அங்கே பிடிப்பு குறைவதில்லை. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே அங்கே கணக்கு, அது இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான்.

மாதவரம் மலைப்பாதை:

பட்டறை அண்ணா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பராமரித்த வண்டிக்கும் பராமரிக்காத வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு சக்கர இயக்கத்தின் குறையாகச் சொல்லிவிடக் கூடாது. என் வண்டிக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று இடத்திலும் ஆயில் மாற்றிவிடுவேன். முன் ஆக்ஸிலின் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் ஒருமுறை கிழிந்தது, கிரீஸ் வெளியே தெறித்த அன்றே மாற்றினேன். இதுவரை வேறு எதுவும் கேட்டதில்லை. மழை பெய்யும் மலைப்பாதைத் திருப்பத்தில், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பதன் நிம்மதியை ஓட்டிப் பார்த்தால்தான் உணர முடியும்.

வியாசர்பாடி பட்டறை:

ஏற்றத்தில் நிம்மதி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பிரேக் பிடித்து நிறுத்தும்போது அது உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான். நிற்கும் தூரத்தை டயரும் சாலையும் முடிவு செய்யும். எண்ணூர் சாலையில் லாரியிலிருந்து டீசல் சிந்திய இடத்தில் முதல் மழை விழும்போது, தேய்ந்த டயர் போட்ட ஃபோர் பை ஃபோரை விடப் புது டயர் போட்ட பின்சக்கர வண்டி சீக்கிரம் நிற்கும். கிளம்பும்போது கிடைக்கும் பிடிப்பைப் பார்த்து, நிற்கும்போதும் அது இருக்கும் என்று நம்பி வேகமாகப் போனவர்களின் வண்டிகளை நான் நேராக்கியிருக்கிறேன்.

பெரம்பூர் புதியவன்:

இதே கேள்வி எனக்கும் உண்டு. 2013 பி.எம்.டபிள்யூ., எக்ஸ்டிரைவ் என்ற நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி ஒன்று, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, மிக மலிவாக வருகிறது. அதிலும் இதே கதைதானா?

வியாசர்பாடி பட்டறை:

அதில் நடுவே டிஃபரன்ஷியலுக்குப் பதிலாகப் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச் இருக்கும். அதை ஒரு சின்ன மின்மோட்டார் அழுத்தி, முன்சக்கரத்துக்கு எவ்வளவு இழுவை போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும். அந்த மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்வது பல வண்டிகளில் பார்த்த பழுது. மெதுவாகப் போகும்போது வண்டி சின்னச் சின்னதாக உதறினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் நான்கு டயர்களையும் முதலில் பாருங்கள். நகரத்துக்குள் மட்டுமே ஓட்டப்போகிறீர்கள் என்றால், அதே கம்பெனியின் பின்சக்கர இயக்க வண்டியைத் தேடுவது நல்லது. இதற்கு மேல் தனி இழையில் கேளுங்கள், இங்கே தம்பியின் விஷயம் சிதறிவிடும்.

ராயபுரம் கணக்கு டீச்சர்:

டயரைப் பற்றி அண்ணா சொன்னதும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. அப்பாவின் நான்கு சக்கர இயக்க வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ஒருமுறை ஒரு டயர் மட்டும் பக்கவாட்டில் வெடித்துவிட, கடைக்காரர் ஒரே ஒரு புது டயரைப் போட்டு அனுப்பிவிட்டார். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இந்த வண்டிக்கு 265/65 ஆர்17 டயர். புதிதாக இருக்கும்போது விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர், சுற்றளவு 2.44 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 410 முறை சுற்றும். 5 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் அதே தூரத்துக்குச் சுமார் 415 முறை சுற்ற வேண்டும். நேர்ச்சாலையில் போனாலும் கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று வித்தியாசம். திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு போய் வருவதற்குள் நானூறு, ஐந்நூறு சுற்று. திருப்பத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல், வழி முழுவதும் ஓயாமல் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே ஓடும். பின்சக்கர வண்டியில் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று டயர் மாற்றினால் போதும், ஏனென்றால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. எப்போதும் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இடையில் சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக வைத்திருக்க வேண்டும். வண்டி விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்த எழுபதாயிரம் இரண்டாம் முறை டயர் மாற்றும்போது எங்கே போனது என்று தெரியாது.

ஒற்றியூர் கடலோரம்:

டீச்சர், கணக்குக்கு நன்றி. பட்டறை அண்ணா, ஞாயிறு காலை இரண்டு வண்டியையும் பார்க்கப் போகிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும்?

வியாசர்பாடி பட்டறை:

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள், நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றியிருக்க வேண்டும், பில்லைக் கேளுங்கள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் புகையும் கரியும் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆயிலே மேலே ஏறாமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அது போகும். ஆகவே இன்ஜெக்டர் எப்போது பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். எந்தச் சக்கரம் இழுத்தாலும் எஞ்சின் ஒன்றுதான். இதில் தவறினால் மற்ற பேச்செல்லாம் வீண்.

பிறகு ஃபோர் பை ஃபோரை ஒரு திறந்த மைதானத்துக்குக் கொண்டுபோய், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல், ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒரு பக்கம் திருப்பி நடை வேகத்தில் வட்டம் அடியுங்கள். கண்ணாடியை இறக்கி வையுங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் சி.வி. ஜாயின்ட். வண்டியே பிடித்துப் பிடித்து விட்டால் நடு டிஃபரன்ஷியல் சிக்கியிருக்கிறது அல்லது பூட்டு விடுபடவில்லை. பின்சக்கர வண்டியில் 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். விடும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்பதால் நிறுத்திய நிலையிலிருந்து டி-யில் போட்டதும் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள்.

கடலோர வண்டிகளுக்குச் சேசிஸைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது கட்டாயம். கணீர் என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் உள்ளிருந்து துரு தின்றிருக்கும்.

ஒற்றியூர் கடலோரம்:

இரண்டையும் பார்த்துவிட்டேன். அண்ணாவின் பட்டறைப் பையனும் கூட வந்திருந்தார்.

2011 ஃபோர் பை ஃபோர் வெளியே பளபளவென்று இருந்தது. நான்கு டயர்களில் மூன்று ஒரே கம்பெனி, பாதி தேய்ந்தவை. முன் இடது டயர் மட்டும் வேறு கம்பெனி, ஏறக்குறையப் புதியது. விற்பவரிடம் கேட்டபோது ஓர் ஆண்டுக்கு முன் பஞ்சர் ஆகி மாற்றியதாகச் சொன்னார். மைதானத்தில் வட்டம் அடித்தபோது இடது முன்பக்கத்திலிருந்து டக் டக் சத்தம் தெளிவாகக் கேட்டது. பூட்டில் கிழிசல், உட்புறம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்துக் காய்ந்திருந்தது. பையன் முன் கிரவுனின் மேல் நட்டைக் கழற்றி, விரலை வளைத்து உள்ளே விட்டு எடுத்து என் கையில் தடவினார். பழுப்பும் வெள்ளையுமாகக் கலங்கி, கிள்ளினால் கூழ் போல இருந்தது. இதைக் காட்டியதும் விற்பவர் முப்பதாயிரம் குறைக்கிறேன் என்றார். 15 ஆண்டு 2026-இல் நிறைகிறது என்பதால் ஆர்.சி. புதுப்பிப்பும் சேர்ந்துகொள்ளும்.

2013 பின்சக்கர வண்டி அழுக்காகவே நின்றது, கழுவக்கூட இல்லை. ஆனால் டைமிங் பெல்ட் 1,46,000-இல் மாற்றிய பில் இருந்தது, இன்ஜெக்டர் வாஷர் மாற்றிய பில்லும் இருந்தது. கிரவுன் ஆயில் கறுப்பாக இருந்தாலும் நறநறப்பு இல்லை. ஆட்டோமேட்டிக் ஆயில் மட்டும் மாற்றப்படவே இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாகத் தட்டுகிறது. பின் பம்பருக்குக் கீழே சேசிஸில் மேலோட்டமான துரு உண்டு, தட்டினால் கணீரென்றே ஒலிக்கிறது.

பின்சக்கர வண்டிப் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் மணலை நினைத்தால்தான் இன்னும் தயக்கம்.

மாதவரம் மலைப்பாதை:

அந்த ஃபோர் பை ஃபோரை விட்டுவிடுங்கள், நானும் சொல்கிறேன். மணலுக்கு ஒரு வழி சொல்கிறேன், நான் இழுத்துவிட்டவர்கள் அனைவரும் செய்யத் தவறியது இதுதான். மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குங்கள். டயர் அகலமாகவும் முக்கியமாக நீளமாகவும் படிந்து, எடை பரவிவிடும். வேகமாகப் போக வேண்டாம்; ஒரே சீராகப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். சக்கரம் சுழன்று கீழே இறங்கத் தொடங்கினால் அந்த நொடியே மிதிப்பதை நிறுத்திவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். பின்சக்கர வண்டி மாட்டுவதெல்லாம் அந்த நேரத்தில் மேலும் மிதிப்பதால்தான். மண்வெட்டி ஒன்றும் இரண்டு பலகையும் டிக்கியில் போட்டு வையுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பாமல் ஓட்டக் கூடாது. ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராயபுரம் கணக்கு டீச்சர்:

முந்நூறு மீட்டர், மாதம் இரண்டு முறை, போக வர. ஆண்டுக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட வரவில்லை, தம்பி.

ஒற்றியூர் கடலோரம்:

பின்சக்கர வண்டியையே வாங்கிவிட்டேன். ஆட்டோமேட்டிக் ஆயில் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டார்கள். நேற்று மாமனார் வீட்டுக்குப் போனோம். முதலில் காற்றை இறக்காமலேயே போய்ப் பார்த்தேன். நாற்பது மீட்டரில் பின்சக்கரம் இரண்டும் மணலில் விளிம்பு வரை புதைந்துவிட்டன. மைத்துனர்கள் மண்வெட்டியால் சக்கரத்துக்குப் பின்னால் சரிவாக வெட்டிக் கொடுக்க, 18-க்கு இறக்கிவிட்டு மெதுவாகப் பின்னால் எடுத்து, மறுபடியும் போனேன். வீட்டு வாசல் வரை நிற்காமல் போய்ச் சேர்ந்தது. மாமியாருக்கு மூட்டுவலி, இத்தனை நாள் அந்த மணலில் நடந்துதான் சாலைக்கு வருவார். நேற்று வாசலிலேயே ஏறிக்கொண்டார்.

பட்டறை அண்ணா, திங்கள் காலை கிரவுன் ஆயிலுக்கும் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கும் வண்டியைக் கொண்டு வரட்டுமா?

வியாசர்பாடி பட்டறை:

கொண்டு வாருங்கள் தம்பி. ஆட்டோமேட்டிக் ஆயிலை மெஷின் வைத்து முழுவதையும் ஒரே நாளில் தள்ளி எடுக்க வேண்டாம். இவ்வளவு காலம் மாற்றாத பெட்டியில் அது எனக்குப் பிடிக்காது. தொட்டியில் இருப்பதை வடித்து ஊற்றுவோம், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை. இரண்டு, மூன்று கியருக்கு நடுவில் வரும் தட்டல் அதிலேயே குறைய வாய்ப்பு உண்டு. வரும் வழியில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், நேற்றைய கடல் மணலில் உப்பு இருக்கும்.

மாதவரம் மலைப்பாதை:

கடலோரம் தம்பி, அந்த 2011 ஃபோர் பை ஃபோர் இன்னும் விற்காமல் இருக்கிறதா? முன் கிரவுனையும் இரண்டு ஆக்ஸிலையும் மாற்றும் செலவு, நான்கு டயர் செலவு இரண்டையும் கழித்துத் தருவார் என்றால் என் தம்பிக்காகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அவன் ஜவ்வாது மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறான், மழை பெய்தால் களிமண் பாதைதான். சேசிஸைத் தட்டிப் பார்த்தீர்களா, எப்படி ஒலித்தது?

ஒற்றியூர் கடலோரம்:

தட்டினோம் அண்ணா. முன்னால் இருந்து பின்னால் வரை கணீரென்றுதான் ஒலித்தது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தோம், சேற்றுக் கோடு இல்லை. டைமிங் பெல்ட் பில் மட்டும் அவரிடம் இல்லை.